வண்டிக்குள் வெல்லப்பாகு வாசனை

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கொடியில் எதுவும் காயவில்லை. துணியெல்லாம் முடை நாற்றம்.

இன்றும் வண்டியில் தண்ணீர் இல்லை. இவர் ஆபீஸ் போகுமுன் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "நேத்துதானே ரொப்பினேன் தேவி, எங்க போகுது?" என்றார். என்னைக் கேட்டால்? இன்ஜின் சூடாகாமல் இருக்க ஊற்றும் பச்சைத் தண்ணீர். கூலன்ட். வெள்ளை டப்பாவில் கோடு வரை நிற்க வேண்டும். அடியில் ஒரு விரல் நனையும் அளவுக்குக்கூட இல்லை.

நேற்றே ஷெட்டில் வண்டிக்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்திருந்தார். காலையில் அட்டை காய்ந்தே கிடந்தது. ஒழுகினால் அட்டை நனைய வேண்டும். ஒழுகவில்லை என்றால் தண்ணீர் எங்கே?

பக்கத்துத் தீவில், ஹட் பேயில் வேலை பார்த்த ஒருவர் தீவை விட்டு மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போகும்போது விற்ற வண்டி. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கும். கப்பலில் வந்து இறங்கியது. யாரும் கேட்காததால் சல்லிசாகக் கிடைத்தது. ஏன் யாரும் கேட்கவில்லை என்று நாங்களும் கேட்கவில்லை. எனக்கு எட்டாம் மாதம். மாயாபந்தர் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் குலுங்க வேண்டாம் என்றுதான் வாங்கியதே.

இன்னொன்று. வண்டிக்குள் உட்கார்ந்தால் ஒரு வாசனை. வெல்லப்பாகு கொஞ்சம் முற்றிப்போன மாதிரி. இவரிடம் சொன்னேன். மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் வரலையே" என்றார். போன வாரம் அரிசியில் மண்ணெண்ணெய் வாடை என்றேன். அதுவும் என்னைத் தவிர யாருக்கும் வரவில்லை. என் மூக்கை நானே எந்த அளவுக்கு நம்புவது?

வாங்க: சீரகம், கொசுவத்தி, பாப்பாவுக்கு மெல்லிய வெள்ளைத் துணி.

ஜூன் 11, புதன்

மழை விட்டு விட்டு. கால் வீக்கம் அப்படியே.

மெக்கானிக் ராவ் அண்ணா வந்தார். தெலுங்குக்காரர், பஜாருக்குப் பின்னால் கடை. பாதித் தமிழ், பாதி இந்தி. ரேடியேட்டர் மூடியைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்து, "டக்கன் கராப் மேடம். மூடி சரியில்ல. பானி ஆவியாப் போயிடுது" என்றார். புது மூடி போட்டார். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. ஒரு மூடிதானா!

சாயங்காலம் இவர் பஜார் வரை ஓட்டிப் போய் வந்து பார்த்தால், மறுபடி கோட்டுக்குக் கீழே. அப்போ மூடி இல்லை.

முன் கண்ணாடி உள்பக்கம் வேறு புகை மூட்டமாக. துணியால் துடைத்தேன். போகவில்லை, இழுபட்டது. எண்ணெய்க் கையால் தொட்ட தட்டு மாதிரி. என் பக்கம் கால் வைக்கும் இடத்தில் மிதியடி சொதசொத. "கதவு ரப்பர் பழசு, மழைத் தண்ணி உள்ள வருது" என்றார் இவர். இருக்கும். மிதியடியை எடுத்து அடுப்பங்கரையில் காயப் போட்டேன். அடுப்பங்கரையும் இனிப்பாக நாறுகிறது. அல்லது எனக்கு மட்டுமா?

பக்கத்து வீட்டு வங்காளி அக்கா மித்து தீதியை முகர்ந்து பார்க்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். மிதியடியைத் தூக்கிக்கொண்டு போய் எப்படிச் சொல்வது. விட்டுவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

ராவ் அண்ணா மறுபடி. ஒரு ஹோஸ் மாற்றினார். வண்டியை ஓடவிட்டு எல்லாரும் சைலன்சரையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் குடை பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். வெள்ளைப் புகை வந்தால் இன்ஜினுக்குள்ளேயே தண்ணீர் போகிறது என்று அர்த்தமாம்.

"வருதா?"

"வர்ற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. இந்த பாரிஷ்ல, மழையில, எல்லாமே புகையாத்தான் தெரியுது."

ஹெட் கேஸ்கட், இன்ஜினுக்குள் தண்ணீர் போகாமல் தடுக்கும் தகடு, போயிருக்கும் என்றார். அப்படியானால் இன்ஜினைப் பிரிக்க வேண்டும், சாமான் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். கப்பல் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும். அதற்குள் எனக்கு வலி வந்தால்?

சாப்பிடும்போது இவர், "நாளைக்கு செக்கப் போயிட்டு வந்துருவோம். கேன்ல தண்ணி எடுத்துக்கலாம். அப்புறம் பிரிக்கக் குடுப்போம்" என்றார்.

இரவு அத்தை ஃபோன், விருதுநகரிலிருந்து. வாசனை விஷயத்தைச் சொன்னேன். "மாசமா இருக்கையில அப்படித்தான்த்தா இருக்கும். எனக்கு உன் மாமா சட்டையே ஆகாது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் வாசனை இருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலையில் கிளம்பினோம். நல்ல மழை. டப்பா நிறைய ஊற்றி, கேனில் தண்ணீர். மிதியடி காயவில்லை, வீட்டிலேயே விட்டுவிட்டேன். ரங்கத் ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம். செருப்பைக் கழற்றியிருந்தேன். காலடியில் வெதுவெதுப்பாக ஏதோ. குனிந்து பார்க்க முடியாது, வயிறு. புடவைக் கரையைத் தொட்டேன். ஈரம். சூடான ஈரம்.

"என்னங்க. தண்ணி... தண்ணி போயிருச்சு போல."

"கேன் கவுந்துருச்சா?"

"கேன் இல்லங்க. எனக்கு."

வண்டியைத் திருப்பினார். மாயாபந்தர் தூரம். ரங்கத் ஆஸ்பத்திரிதான் பக்கம். எட்டாம் மாதம்தானே, இன்னும் நாள் இருக்கிறதே, துணிகூடத் தைக்கவில்லையே என்றெல்லாம் ஓடியது. வலி இல்லை. வலி இல்லாமல் வருமா? வயிற்றில் கை வைத்தேன். அசைவு இருக்கிறதா? மழைச் சத்தத்தில் என் உடம்பே எனக்குக் கேட்கவில்லை.

அவர் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நேரத்திலும் வண்டியா என்று தோன்றியது. எழுதுகிறேன், தோன்றியதுதான்.

ஆஸ்பத்திரியில் மலையாளி சிஸ்டர். முதலில் குழந்தையின் துடிப்பைக் கேட்கவைத்தார். டக் டக் என்று குதிரை ஓடுகிற மாதிரி. அப்புறம் சோதித்தார். அப்புறம் என் வெள்ளைப் பாவாடையைத் தூக்கி ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார்.

"மோளே, இது பனிக்குடம் இல்ல. மேலெல்லாம் காஞ்சிருக்கு, அடி மட்டும் நனைஞ்சிருக்கு, பாரு. பனிக்குடம் உடைஞ்சா மேலிருந்துதானே வரணும்." கரையை விரலால் தேய்த்தார். முகர்ந்தார். "பச்சையா இருக்கு. இனிப்பு வாசம். என்ன இது, வண்டியில சர்பத் கொட்டிச்சா?"

"உங்களுக்கும் வருதா சிஸ்டர்? வாசனை?"

"நல்லா வருதே."

அழுகை வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. பயந்துட்டா பாவம் என்று சிஸ்டர் முதுகைத் தடவினார். வெளியே இவருக்குச் சொன்னதும் அவரும் அப்படியே நினைத்துக்கொண்டார். பயம் போன அழுகை இல்லை. வேறு எதுவோ. என்னவென்று தெரியவில்லை.

டாக்டரும் பார்த்தார். பாப்பா நன்றாக இருக்கிறது.

ஜூன் 14, சனி

வெயில்! ஓடி ஓடித் துணி காயப்போட்டேன். ஓடவில்லை. மெதுவாக.

பாவாடைக் கரையைப் பார்த்ததுமே இவருக்குப் புரிந்துவிட்டதாம். நேற்று ஆஸ்பத்திரி வாசலிலேயே என் சீட் பக்கம் படுத்து, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்திருக்கிறார். விரலெல்லாம் பச்சை.

இன்று ராவ் அண்ணா அந்த இடத்தைப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஹீட்டர்! அரே பாப்ரே, ஹீட்டர்!"

குளிருக்கு வண்டிக்குள் அனல் அடிக்க ஒரு சின்ன ரேடியேட்டர், டேஷ்போர்டுக்கு உள்ளே, என் கால்மாட்டுக்கு நேர் மேலே. இன்ஜினின் சூட்டுத் தண்ணீர் அதற்குள்ளும் ஓடிக்கொண்டே இருக்குமாம், நாம் ஹீட்டர் போட்டாலும் போடாவிட்டாலும். அது துருப்பிடித்து ஓட்டை. உள்ளே ஒழுகினால் அட்டை எப்படி நனையும்? கண்ணாடி மூட்டம், சொதசொத மிதியடி, வாசனை, எல்லாம் இதுதான்.

"இந்த ஊர்ல ஹீட்டர் எவன் போடுறான் மேடம்? அப்படி ஒண்ணு இருக்கிறதே தியான்ல, ஞாபகத்துல இல்ல எனக்கு."

"கேஸ்கட்?"

"கேஸ்கட் பர்ஃபெக்ட். நேத்து அவ்வளவு சூட்டுக்கும் தாங்கியிருக்கே."

ஹீட்டருக்குப் போகிற குழாயையும் வருகிற குழாயையும் வெளியிலேயே ஒன்றோடொன்று சேர்த்துவிட்டார். இனி அந்தப் பக்கம் தண்ணீரே போகாது. அவ்வளவுதான் வேலை. இவர் சிரித்துக்கொண்டே இருந்தார். எனக்கு மட்டும் ஏனோ சிரிப்பு ஒட்டவில்லை. என் மூக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது. சந்தோஷப்பட வேண்டும்தானே?

ஜூன் 18, புதன்

மாயாபந்தர் போய் வந்தோம். மேகம், மழை இல்லை. முள் நடுவிலேயே நின்றது. டப்பாவில் கோடு வரை தண்ணீர். தலை கீழே திரும்பிவிட்டதாம், பாப்பாவுக்கு.

கப்பல் வந்து நிற்கும் ஜெட்டி பக்கம் டீ குடிக்க நிறுத்தினார். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"அன்னிக்கு ஏன் அப்படி அழுத?"

"தெரியலங்க."

"பயமா?"

"போற வழியெல்லாம் பயம்தான். வேண்டாம், இப்ப வேண்டாம்னு கும்பிட்டுட்டே வந்தேன். இல்லைன்னு சிஸ்டர் சொன்னதும்... யாரோ வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்ட மாதிரி இருந்துச்சு." சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

பிறகு நானே கேட்டேன். "நீங்க முள்ளையேதான பாத்துட்டு வந்தீங்க. என்னை ஒரு தடவ திரும்பிப் பாக்கல."

"சிவப்பைத் தொட்டுருச்சு தேவி. இன்ஜின் போனா போகட்டும், ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடுனா போதும்னுதான் பாத்துட்டே வந்தேன். உன் பக்கம் திரும்பியிருந்தா ஓட்டியிருக்க முடியாது."

கிளாஸைக் கடைக்காரரிடம் கொடுக்கப் போனவர் வெகுநேரம் அங்கேயே நின்றார். கடலைப் பார்க்கிற மாதிரி. கண் துடைத்தாரா, தெரியவில்லை.

இப்போது தூங்குகிறார். நோட்டை வயிற்றின் மேல் வைத்துத்தான் எழுதுகிறேன், வேறு இடம் இல்லை. உதைக்கிறது. எழுத்தெல்லாம் கோணல். மறுபடியும்.