வாசற்படியில் 18.420

2012 ஜனவரி 9, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பஸ் ஸ்டாப்பிலிருந்து எங்கள் வீடு வரைக்கும் பதினாலு முளைக்குச்சி. எல்லாவற்றின் தலையிலும் சிவப்புத் துணி. காலையில் போகும்போது ஒன்றுகூட இல்லை. பொன்னுலிங்கம் கடையில் கேட்டேன். "ரோடு அகலமாவுது டீச்சர். செகப்பு கண்டா வீடு காலி, கேட்டியளா?" என்றார். இவருக்கு எல்லாமே காலிதான். கடையில் சீனி கேட்டாலும் காலி.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இருபத்தோரு வருஷம் மஸ்கட்டில் வண்டி ஓட்டிக் கட்டின வீடு. மனுஷன் திரும்பி வந்து முழுசாக ஒரு வருஷம் ஆகவில்லை. எழுந்துபோய் ஜன்னலைத் தடவிக்கொண்டு நின்றார். தேக்கு ஜன்னல். அதன்மேல் அவருக்கு என்னைவிடப் பிரியம்.

ஜனவரி 12

யாரும் விளக்கிச் சொல்ல மாட்டார்கள் என்றால் நாமே கண்டுபிடிக்க வேண்டியதுதான். இருபத்தாறு வருஷம் கணக்கு டீச்சர், எண் படிக்கத் தெரியாதா? மூன்று நாளாகக் குடையும் நோட்டுமாக ரோட்டில் நடக்கிறேன். தார் ரோட்டின் நடுவில் ஆணி அடித்து மஞ்சள் வட்டம் போட்டிருக்கிறார்கள், அது நடுக்கோடு. குச்சிகளில் 3/150, 3/200, 3/250. அளந்து பார்த்தேன், ஐம்பது மீட்டருக்கு ஒன்று. ரோடு தொடங்கின இடத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர், எத்தனை மீட்டர் என்ற கணக்கு அது. துணி சும்மா, தூரத்திலிருந்து தெரிவதற்கு.

கடையில் போய் எல்லார் முன்னாலும் விளக்கினேன். பொன்னுலிங்கத்தின் வாய் அடைத்தது. பாலத்துப் பக்கம் 3/400-ல் யாரோ ஆட்டைக் கட்டியிருக்கிறார்கள்.

ஜனவரி 20

எங்கள் வாசற்படியின் ஓரத்திலேயே சிவப்புப் பெயின்ட். ஒரு அம்புக்குறி, TBM என்று மூன்று எழுத்து, பக்கத்தில் 18.420. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். ரோட்டில் வேறு எந்த வீட்டுப் படியிலும் இல்லை. நம்முடையதில் மட்டும் ஏன்?

ஜனவரி 21

டேப் பிடித்தோம். நடு ஆணியிலிருந்து பதினெட்டு மீட்டர் நாற்பத்திரண்டு சென்டி. அவர் அங்கே, நான் இங்கே. அளவு நேராக முன்னறையின் உள்சுவரில் போய் முட்டியது. நூல் பிசகவில்லை. அப்படியானால் முன்னறை முழுசும் போகிறது.

"அந்த மூணு எழுத்து என்னதுட்டி?" என்றார். எழுத்து இங்கிலீஷ் டீச்சருக்கு, எண் எனக்கு என்றேன்.

ஜனவரி 29, ஞாயிறு

முன்னறையில் ஏழு வருஷமாக லீமா குடியிருக்கிறாள், மகள் ஜின்சியோடு. இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரைக்காரி. சுனாமியில் வீடு போன அன்றைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தவள். விடியற்காலை கரைக்குப் போய் மீன் எடுத்து ஊரெல்லாம் விற்பாள், ஆனால் அங்கே ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. அவள் வீட்டுக்காரர் சிலுவைமுத்து கொச்சியில் போட்டில் வேலை பார்க்கிறார்.

இன்று கோயில் முடிந்து வந்ததும் சொல்லிவிட்டேன். வேறு வீடு பார்த்துக்கொள், எந்த நாளும் இடிக்கிற மிஷின் வரலாம் என்று.

"நல்லா பாத்தியளா டீச்சரே?"

"கணக்கு தப்பாது லீமா."

உள்ளே போய் மீன் சட்டியைக் கழுவ ஆரம்பித்தாள்.

பிப்ரவரி 11

இவர் முன்னறையின் தேக்கு ஜன்னலைக் கழற்றிவிட்டார். இடிக்கிறவன் கையில் விடமாட்டாராம். பின்பக்கம் ஓலை போட்டு மூடி வைத்திருக்கிறார். சுவரில் இத்தனை பெரிய ஓட்டை. அதற்குப்பிறகு லீமா எப்படி இருப்பாள்? வாடகைக்கு நாலு இடம் கேட்டாளாம், மீன்காரி என்றதும் நாலு பேரும் வீடு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் தன் தங்கச்சி அஜிதாவின் வீட்டுக்கே போய்விட்டாள். அஜிதாவின் வீடு கரையில். அலை உடைவது அடுக்களையில் கேட்கும்.

ஜின்சி மட்டும் என் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் வந்து போகிறாள். ஒன்பதாம் வகுப்பு. அம்மா தூங்குவதில்லை என்றாள்.

பிப்ரவரி 27

மிஷின் வரவில்லை.

மார்ச் 7, புதன்

எழுதவே கை கூசுகிறது. எழுதத்தான் வேண்டும்.

காலையில் ஒரு பையன் என் படிமேல் ஆளுயர அளவுகோலை நிறுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறான். எதிரே முக்காலிக் கருவியில் கண்ணை வைத்து சர்வேயர். ராஜகுமார் என்று பேர். விடுவேனா? "இடிக்கதா இருந்தா சொல்லிட்டு இடிங்க, நெதம் வந்து அளந்து உயிரை வாங்காதீங்க!" என்று சத்தம் போட்டேன். பொன்னுலிங்கம் கடையிலிருந்து ஆள் கூடிவிட்டது.

அவர் சிரித்தார். "இது தூரம் இல்ல டீச்சர், ஒயரம். கடல் மட்டத்துலேர்ந்து உங்க படி பதினெட்டு மீட்டர் நாப்பத்திரண்டு சென்டி. ரோட்டை எந்த மட்டத்துல போடணும்னு இதை வச்சுத்தான் பாப்போம். அசையாத எடம் பாத்துத்தான் இந்த TBM, தற்காலிக மட்டக்குறி, போடுவோம். இடிக்கப் போற படியில போடுவோமா?"

அப்படியானால் எல்லை எது? வெள்ளைக் கல்லாம். மதிலுக்கு வெளியே போன மாதம் நட்டது. என் வீட்டுக்காரர் தினமும் அதன்மேல் உட்கார்ந்துதான் பல் தேய்க்கிறார்! மதில்கூடத் தப்பித்தது.

இவர் சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வந்து பிறகு அது அழுகையாகவே ஆகிவிட்டது. எனக்குச் சிரிக்க முடியவில்லை. அளவு சுவரில் முட்டினால் போதுமா? எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்கிற கேள்வி, "விடைக்குப் பக்கத்துல அலகு எங்கட்டி?" அதை ஏன் எனக்கு நானே கேட்கவில்லை?

மார்ச் 10, சனி

ஜன்னலைத் திரும்பப் பொருத்தியாயிற்று. நான் பஸ் ஏறி அஜிதா வீட்டுக்குப் போனேன். ஒரு டீச்சர் மன்னிப்புக் கேட்பது எத்தனை கஷ்டம் என்று டீச்சர்களுக்குத்தான் தெரியும். கேட்டேன். உயரம், கடல் மட்டம் எல்லாம் சொன்னேன். வா லீமா, இன்றைக்கே வா என்றேன்.

லீமா பின்னிக்கொண்டிருந்த வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அன்னைக்குப் போன்னு சொன்னிய. இன்னைக்கு வான்னு சொல்லுதிய. நான் என்ன உங்க ரோட்டுக் குத்தியா டீச்சரே, பிடுங்கிப் பிடுங்கி நடுகதுக்கு?"

கட்டஞ்சாயா தந்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 25

முன்னறை காலியாகவே இருக்கிறது. வேறு ஆளுக்குக் கொடுக்க மனசு வரவில்லை. பொன்னுலிங்கம் வழியில் போகிறவர்களுக்கெல்லாம் என் படியைக் காட்டுகிறார்.

ஏப்ரல் 11, புதன்

இரண்டே கால் மணி இருக்கும், டீச்சர்ஸ் ரூமில் நாற்காலி லேசாக ஆடியது. கொஞ்ச நேரத்தில் செய்தி. சுமத்ராவில் பூகம்பம், சுனாமி வரலாம், கடற்கரையில் யாரும் இருக்கக்கூடாது. ஜின்சியை வகுப்பிலிருந்து இழுத்துக்கொண்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன். லீமாவுக்குப் போன் போகவே இல்லை.

"அம்மைக்கு ஒண்ணும் ஆவாதுல்லா டீச்சர்?"

என்ன சொல்ல? நான்தானே அனுப்பினேன். கடலுக்குப் பயந்து ஓடி வந்தவளைக் கடல் வாயிலேயே கொண்டுபோய் வச்சேனே, பாவி! ஆண்டவரே, வீட்டை வேணும்னா எடுத்துக்கோ, முன்னறை பின்னறை எல்லாத்தையும் எடுத்துக்கோ, அவளை மட்டும் விட்டுரு. வாய்விட்டே சொல்லிவிட்டேன். இவர் கேட்டுக்கொண்டுதான் நின்றார். ஆமென் என்றார்.

நாலரைக்கு ஒரு மீன் டெம்போ வந்து நின்றது. அதிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். அஜிதா, அவள் மாமியார், பக்கத்து வீட்டுக்காரர்கள், குழந்தைகள், ஒரு கோழி. கடைசியாக லீமா, அஜிதாவின் கைக்குழந்தையோடு.

"ஜின்சி எங்க?"

"உள்ள இருக்கா."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சிவப்பு 18.420-ஐ விரலால் தொட்டாள். "ஒயரம்னு சொன்னியளே, இதா?"

"இதுதான்."

"கணக்கு செரிதானா?"

"நான் போட்ட கணக்கு இல்ல லீமா. தைரியமா இரி."

சிரித்துவிட்டாள். ஜனவரிக்குப் பிறகு இன்றைக்குத்தான் அவள் சிரித்துப் பார்க்கிறேன். நான் அழுதேன்.

சாயங்காலம் ஆபத்து இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். பத்தொன்பது பேருக்குக் கஞ்சியும் பயறும் வைத்தோம். டெம்போ திரும்பிப் போனபோது லீமா அதில் ஏறவில்லை. இருக்கப் போகிறாயா என்று நான் கேட்கவும் இல்லை. பாய் எடுத்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 13

லீமாவின் பெட்டி வந்தது. பின்னாலேயே அஜிதாவின் பெட்டியும்.