அஸ்காவை மட்டும் குற்றம் சொன்னேன்

பெருமதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் மறைந்து மூன்றாண்டுகள் கழித்து எழுதுகிறேன். தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

இன்று காலை, முட்டையிட்டு ஓய்ந்த பண்ணைக் கோழியொன்றை அரிந்தேன். வயிறு முழுவதும் மஞ்சள் கொழுப்பு. கத்தியை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

சேந்தமங்கலம் சாலைப் பண்ணையில் நாம் முட்டை பொறுக்கிய நாள்களில், கோழியின் அடிவயிற்றை விரலால் அழுத்தியே தாங்கள் சொல்லிவிடுவீர்கள். "இது கொழுத்துப்போச்சு அம்மிணி. தீனி மட்டும் திங்குது, முட்டையக் காணோம். என்னையாட்டவே இருக்குது பாரு."

இருவரும் சிரித்தோம்.

தங்களுக்குச் சர்க்கரை நோய் கண்டபோது என்னிடந்தான் விளக்கம் கேட்டீர்கள். எட்டாம் வகுப்போடு நின்றும் நூல்களைத் தானே கற்றவள் என்னும் பெருமிதம் எனக்கு. "நோயின் பெயரே சர்க்கரை, அதை விலக்கினால் போதும்" என்று தீர்ப்பளித்தேன். அன்றே தேநீரில் அஸ்காவை, அந்த வெள்ளைச் சர்க்கரையை, நிறுத்தினீர்கள். பிறகு மாலைதோறும் போண்டாவைப் பிட்டபடி, "ஏனம்மிணி, இதுல எங்க அஸ்கா இருக்குது?" என்பீர்கள்.

"துளியும் இல்லைங்க, சாப்பிடுங்க."

பின்னர்தான் படித்தேன். கணையத்துக்குள் சிறு தீவுகளாய்ச் சிதறிக் கிடக்கும் உயிரணுக்களே இன்சுலினைச் சுரக்கின்றனவாம். உடலில் கொழுப்பு மிகுந்தால் இன்சுலினின் சொல் எடுபடுவதில்லை. அந்த அணுக்கள் முறையிடாமல் இன்னும் மிகுதியாகச் சுரக்கின்றன. மிஞ்சிய கொழுப்பு அவற்றையே வந்தடைய, களைத்துத் தம் தொழிலை மறக்கின்றன. அதனினும் வியப்பு, தொடக்கத்தில் அவற்றுள் பல மடிந்துபோவதில்லை. கொழுப்பு குறைந்தால் சிலருக்கு அவை மீண்டும் சுரக்கத் தொடங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத அணுவுக்கு இத்தனை பொறுமையா என்று அந்தப் பக்கத்தை மூடாமல் நெடுநேரம் இருந்தேன். நோய்க்குக் காரணம் இது ஒன்றே அன்று. ஆயினும் நான் தங்களுக்குச் சொல்லத் தவறியது இதுவே.

தங்கள் மகளுக்கும் இப்போது சர்க்கரை தொடங்கியிருக்கிறது. நேற்றுத் தொலைபேசியில் கேட்டாள்: "ஏனுங்க சித்தி, அம்மா அஸ்காவத் தொடவே இல்லீங்களே. அப்புறமும் ஏன் சக்கர எறங்கல?"

"நேர்ல வா சாமி, சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

கோழியின் அடிவயிற்றை அழுத்தக் கற்றுத்தந்த தங்கள் விரலின் பதம் இன்னும் என் விரலில் இருக்கிறது. உண்மையைத் தாங்கள் தொட்டுச் சொன்னீர்கள். நான் படித்தும் பிழையாகச் சொன்னேன். அவளுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

அவளிடம் கோழியைப் பற்றி முதலில் சொல்வதா, என் பிழையை முதலில் சொல்வதா? ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். அதற்குள் பதில் எழுதுங்கள்.