இடது கன்னம்

மச்சான்,

எழுத்து கோணலாக இருக்கும். ஒரு வரி மேலே ஏறும், அடுத்த வரி கீழே இறங்கும். பேனாவை அழுத்திப் பிடிக்கிறேன். தாளைத் திருப்பித் தடவினால் எழுத்து விரலில் தட்டுப்படுகிறது. பொறுத்துக்கொண்டு படி. பொறுக்க முடியாவிட்டாலும் படி. உன்னைத் திட்டத்தான் எழுதுகிறேன்.

நீ இருந்தவரை நான் கைநாட்டு. இப்போது சாயங்காலங்களில் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது, போகிறேன். பஸ்ஸின் நெற்றியில் ‘சிதம்பரம்’ என்று உங்கள் ஊர் இருந்ததை யாரையும் கேட்காமல் படித்து ஏறிய அன்று, கண்டக்டர் கேட்பதற்கு முன்பே ஊர்ப் பேரைச் சத்தமாகச் சொன்னேன். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு சந்தோஷம். அப்படிப்பட்ட கையால் எழுதுகிற முதல் கடுதாசியே வசவாக இருக்கிறதென்றால் அதற்கு நீதான் காரணம்.

இன்று காலை கிண்ணத்தில் சவர சோப்பைக் குழைத்தேன். நீ வாங்கிக் கொடுத்த அதே சந்தன சோப்பு. வாசனை மூக்கில் ஏறியதும் கோபமும் ஏறிவிட்டது.

என் கழுத்து எப்படி இருந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். கடையில் விற்கிற ரெட்டை பிளேடு ரேசரால் மழித்து மழித்து, சிவப்புச் சிவப்பாகப் பொரிந்து கிடக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார வருகிறவர்கள் பார்த்துவிட்டுத் தள்ளி உட்காருவார்கள். உனக்குத்தான் காரணம் தெரிந்திருந்தது. எனக்குச் சுருட்டை முடி. அந்த ரேசர் முடியை இழுத்துத் தோலுக்குள்ளேயே வெட்டிவிடுகிறது. திரும்ப வளரும்போது முடி வளைந்து தோலையே குத்துகிறது. “அத தூக்கிப் போடு மச்சான். கத்தியில ஒரே இழுப்பு. முடி போற பக்கமே போவணும்” என்றாய். உன்னிடம் இருந்த மடக்குக் கத்திகளில் ஒன்றை எனக்கே கொடுத்தாய்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் உன் வீட்டில். பின்கட்டில் கண்ணாடியை மாட்டி, கதவைச் சாத்திக்கொள்வோம். என் தங்கச்சி, அதுதான் உன் பெண்டாட்டி, கிழவர்களுக்கு என்ன ரகசியம் என்று கதவுக்கு வெளியே நின்று கிண்டல் செய்வாள். சுடுதண்ணீரில் பிழிந்த துண்டை முகத்தில் போட்டு முடி இளகும்வரை உட்கார வைப்பாய். முகம் முழுக்க நுரை பூசுவாய். ஒரு கையால் தோலை இழுத்துப் பிடி, கத்தியை நிமிர்த்தாதே, அழுத்தாதே, அதன் எடைக்கே வெட்டும் என்பாய். முதல் நாள் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக் கத்தியைப் பிடுங்கிக்கொண்டாய்.

“எரியுதுன்னா எரியுதுன்னு சொல்லு. வீம்புக்கு இழுத்தா தோலு போயிடும். வாய் இருக்கில்ல?”

மச்சான், அதைச் சொன்ன வாய்தானே உன் வாய்?

கடைசி ஞாயிறன்று வலது கன்னத்தை நான் ஒரு கீறல் இல்லாமல் முடித்தேன். இடது கன்னத்தை வழக்கம்போல நீ மழித்துவிட்டாய். “எடது பக்கம் அடுத்த வாரம். அதுக்குக் கை வேற மாதிரி போவணும்” என்றாய். புதன்கிழமை நீ போய்விட்டாய்.

உன் சவரப் பெட்டியை என் தங்கச்சி அதுவரை தொட்டதில்லை. நீ போன பிறகுதான் திறந்திருக்கிறாள். சோப்புக்கு அடியில் மாத்திரை அட்டை. உன் மகன் கொண்டுபோய் விசாரித்தால், நெஞ்சு வலிக்குக் கொடுக்கிற மாத்திரை. எங்கள் கடலூருக்கு வந்து டாக்டரைப் பார்த்திருக்கிறாய். அங்கிருந்து என் வீடு நடக்கிற தூரம். வரவில்லை நீ.

அந்த அட்டையை நீ இருந்தபோதே ஒரு ஞாயிறன்று நான் பார்த்தேன். இது என்ன என்றும் கேட்டேன். “வாயுக்கு” என்றாய். கைநாட்டுக்காரனிடம் பொய் சொல்வது எவ்வளவு சுலபம்!

எனக்குத் தெரியாது என்றால் என் தங்கச்சி நம்பவில்லை.

“வாராவாரம் அந்தப் பொட்டிய தொறந்தது நீதான அண்ணா? கதவ சாத்திகினு என்ன பேசினீங்க? ரெண்டு பேரும் சேந்து எங்கிட்ட மறைச்சிட்டீங்க.”

வாயுவுக்கு என்றுதான் சொன்னாய் என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். நீ செத்தது பாதிக் கோபம் என்றால் மீதிக் கோபம் இது. உன் பொய்யை என் தலையில் வைத்துவிட்டுப் போனாய்.

கருமாதிக்கு உன் மகனுக்குத் தலைப்பாகை கட்ட வேண்டியவன் நான், தாய்மாமன். சபையில் முகம் சுத்தமாக இருக்கவேண்டும் என்று விடிந்ததும் கடலூரில் கத்தியை எடுத்தேன். நீ பூசுகிற மாதிரியே முகம் முழுக்க நுரை பூசினேன். அது உங்கள் வீட்டுத் தண்ணீருக்குச் சரி. கடலோரத்தில் எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு, நுரை நிற்காது. வலது பக்கத்தை முடிப்பதற்குள் இடது பக்கம் காய்ந்துபோயிற்று. காய்ந்த கன்னத்தில், தெரியாத கையால், முடிக்கு எதிராக இழுத்தேன். வரவில்லை என்று திரும்பவும் இழுத்தேன். எரிந்தது. யாரிடம் சொல்வது? படிகாரத்தை எடுத்து வேறு தேய்த்தேன்.

வலது கன்னம் வழவழவென்று, இடது கன்னம் உரித்த தக்காளி மாதிரி. அப்படியே போய் நின்றேன். பங்காளி ஒருவர், எந்தப் பூனையோடு சண்டை என்று கேட்டார். தலைப்பாகையைக் கட்டிவிட்டுத் திரும்பினால் என் தங்கச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு ஒரு சொம்பில் குளிர்ந்த தண்ணீரும் துணியும் கொண்டுவந்தாள். துணியை நனைத்து என் இடது கன்னத்தில் வைத்தாள்.

“இந்தப் பக்கம் அவரு சொல்லித் தரவே இல்லையா?”

“அடுத்த வாரம்னு சொன்னான்.”

துணியை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

“அப்ப நெசமாவே சவரந்தான் பண்ணிகினு இருந்தீங்களா?”

“வேற என்ன பண்ணுவோம்?”

“அடுத்த வாரம் இருப்போம்னுதான் அவரும் நெனச்சிருக்காரு” என்றாள். அதுவரை அழாதவள் அன்றைக்குத்தான் அழுதாள். என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதாள். அழுகை நின்றதும் உன்னைத் திட்ட ஆரம்பித்தாள். நானும் சேர்ந்துகொண்டேன். பந்தியில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள்.

இப்போது கன்னம் ஆறிவிட்டது. கேன் தண்ணீரில் நுரைக்கிறேன், ஒரு பக்கத்தை முடித்த பிறகுதான் மறுபக்கம் பூசுகிறேன். இடது கையால் கத்தி பிடிக்கப் பழகிவிட்டேன். நீ எப்படிப் பிடிக்கச் சொல்லியிருப்பாய் என்று தெரியாது. என் வழி என் வழிதான். கழுத்தில் ஒரு பொரி இல்லை. உனக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை இடது தோளில் லேசாக ஒரு வலி. உடனே தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன். முதல் பஸ்ஸில் வந்து, டாக்டரிடம் என்னை இழுத்துக்கொண்டு போனாள். சுளுக்குதான். அவ்வளவு தூரம் வந்தவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவுதான் மச்சான், சொல்வதற்கு ஆகிற செலவு.

கை வலிக்கிறது, நிறுத்துகிறேன். திட்ட இன்னும் இருக்கிறது. அடுத்த வாரம் எழுதுகிறேன். நான் அடுத்த வாரம் என்றால் அடுத்த வாரம்.