காவிக்கு அடியில்

ஒரகடம்
14-7-1991

அன்பு மகன் விமல்ராஜுக்கு அப்பா எழுதுவது. பிலாயில் நீ வேளைக்குச் சாப்பிட்டு சௌக்கியமாக இருக்க வேண்டும். நானும் அம்மாவும் சுகம். உன் தங்கை இசைவாணி பிழைத்துவிட்டாள், அதை முதலில் படித்து மூச்சு விட்டுக்கொண்டு மீதியைப் படி.

சிறுநீரக வியாதிக்கு அவள் ஆறு மாதமாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுவது உனக்குத் தெரியும், அது எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். போன வாரம் இடது விலாவில் பட்டையாகக் கொப்புளம் வந்தது. உன் அத்தை செல்லம்மாள் பார்த்ததுமே அக்கி என்று தீர்ப்புச் சொல்லி, குயவர் கோதண்டத்தை அழைத்துவந்து காவி குழைத்து அதன்மேல் எழுத வைத்தாள். எழுதின காவியில் தண்ணீரே படக்கூடாதாம். கோதண்டத்தைக் குறை சொல்லமாட்டேன், மாத்திரை விஷயத்தை அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஜுரம் ஏறியதும் வாலாஜாபாத்தில் ஒரு டாக்டரிடம் தூக்கிப் போனேன். சுவர் நிறையப் பட்டம் மாட்டியிருக்கிறான், நாற்காலியை விட்டு எழவில்லை. காவியைத் தூரத்திலிருந்தே பார்த்து, "அதான் அக்கி எழுதிக்கினீங்களே, காஞ்சிடும் போங்க" என்றான். என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் கம்பெனி மேனேஜர் பிள்ளை தும்மினால் வீட்டுக்கே ஓடுகிறவன் இவன்.

வீட்டுக்கு வந்து ஈரத்துண்டால் நானே துடைத்தேன். "எய்தினத அழிச்சா உள்ள பூந்துக்கும்டா, உனுக்கு இன்னா தெரியும்" என்று அத்தை கையைப் பிடித்து இழுத்தாள். காவிக்கு அடியில் கொப்புளம் வலப்பக்கத்துக்கும் தாண்டிக் கழுத்துவரை போயிருந்தது.

அப்படியே பஸ் ஏறி சென்னை பெரிய ஆஸ்பத்திரி. அங்கே டாக்டரம்மா முதலில் கேட்டதே மாத்திரையைத்தான், பிறகு முன்பு அம்மை போட்டதா என்று. ஒரு கொப்புளத்தின் அடியைச் சுரண்டிக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். மூன்று வயதில் அம்மை போட்ட அதே கிருமி உள்ளேயே தூங்கிக் கிடந்து, எதிர்ப்பு குறைந்ததும் எழுந்ததாம். மற்ற பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தானாக ஆறும், இவளுக்கு இன்னும் விட்டிருந்தால் நுரையீரலுக்கே இறங்கியிருக்குமாம். நரம்பில் மருந்து ஏற்றுகிறார்கள், நேற்று முதல் புதுக் கொப்புளம் இல்லை. அம்மா அவள் பக்கத்தில் இருக்கிறாள், மாற்றுத்துணி எடுக்க வந்த இடத்தில் இதை எழுதுகிறேன்.

காவியை அழித்த பாவி என்று அத்தை உனக்குக் கார்டு போடுவாள், உருகிப் பதில் எழுதாதே. உனக்கு எல்லா நலமும் உண்டாகட்டும், கொதிக்கவைத்த தண்ணீரே குடி.

கோதண்டம் விட்டுப்போன காவி கிண்ணத்தில் மீதி இருந்தது. அதைக் குழைத்து வாசல் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறேன்: இசைவாணி ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறாள், உடம்பில் எது வந்தாலும் டாக்டரிடம் முதலில் இதைச் சொல்லவும். செல்லம்மாள் அதைத் துடைக்கமாட்டாள். எழுதின காவியில் தண்ணீர் படக்கூடாது என்று சொன்னவளே அவள்தான்.

உன் நலம் நாடும் அப்பா,
ஏகாம்பரநாதன்