பீரோவுக்குள் இருந்த இன்டர்நெட்

செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகம் என்று போனில் சொல்கிறாய், நாங்களும் நம்பியதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இதைக் காகிதத்தில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் அந்தப் படத்தை அனுப்பிவிட்டு நீ வேலைக்கு ஓடிவிடுகிறாய். காகிதத்தை அப்படி ஏமாற்ற முடியாது, முழுதாகப் படித்துத்தான் ஆகவேண்டும். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. எனக்குச் சர்க்கரை ஏறவில்லை, கோபம்தான் ஏறியிருக்கிறது. அதற்கு நீ ஆசை ஆசையாக அனுப்பிவைத்த சின்னக் கறுப்புப் பெட்டிதான் காரணம்.

அதை டிவியின் பின்னால் செருகினால் நீ வேலை செய்யும் சேனல் இங்கேயே நேரலையாகத் தெரியும், சாயங்காலம் நாலு மணிக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் போதும் என்றாய். உட்கார்ந்தோம். திரையின் மூலையில் ஒரு வட்டத்துக்குள் நின்று காது கேளாதவர்களுக்காக நீ செய்தியைச் சைகையில் சொல்வதை அரை நிமிஷம் பார்த்தோம். பிறகு இன்னொரு வட்டம் வந்து திரையின் நடுவில் நின்று சுற்ற ஆரம்பித்தது. செய்தி வாசிக்கிறவர் பல் டாக்டரிடம் காட்டுகிற மாதிரி வாயைத் திறந்தபடி நிற்கிறார். நீ ஓடுகிற பஸ்ஸை நிறுத்துகிறவள் மாதிரி கையைப் பாதி தூக்கியபடி நிற்கிறாய். அரை மணி நேரச் செய்தியில் உன்னைப் பார்த்தது ஆறு நிமிஷம், மீதி நேரம் முழுக்க வட்டம் பார்த்தோம். அது நன்றாகத்தான் சுற்றுகிறது, குறை சொல்லக் கூடாது.

எனக்கென்ன, உன் குரலைப் போனில் கேட்டுக்கொள்வேன். பிறந்ததிலிருந்து காது கேட்காத உன் அம்மாவுக்கு உன் குரல் என்பது உன் கைதான். நீயோ இரண்டு மாதமாக வீடியோவில் வருவதில்லை, கேமரா உடைந்துபோச்சு என்கிறாய். ஊருக்கெல்லாம் நேரலையில் செய்தி சொல்கிற பெண்ணுக்கு ஒரு கேமராவை ரிப்பேர் பண்ண ஆள் கிடைக்கவில்லை பார். எழுதி அனுப்புகிறாய், அவளும் படிக்கிறாள். படித்துவிட்டு, இது அவ எழுதுனது, அவ பேசுறது எங்கேன்னு என்னைச் சைகையில் கேட்கிறாள். ஆகவே அந்த மூலை வட்டம்தான் இப்போது அவளுக்கு மகள். நீ இருக்கிற ஊர்ச் சைகை அவளுக்குப் பாதிதான் புரிகிறது, மீதியை உன் முகத்தைப் பார்த்து நிரப்பிக்கொள்கிறாள். படம் நின்றால் எழுந்து போய் டிவியின் ஓரத்தைத் தட்டுகிறாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லையம்மா, அதனால்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

உன்னைக் கேட்டேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கப்பா என்றாய். உன்னைப் படிக்கவைத்தது வீண்போகவில்லை என்று பூரித்துப்போனேன். ஆஃப் செய்து ஆன் செய்தேன், முப்பது வரை எண்ணிவிட்டு ஆன் செய்தேன், ஆன் செய்துவிட்டு வேண்டிக்கொண்டும் பார்த்தேன். இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் செய்தால் என் அழைப்பு அவர்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு இயந்திரம் முக்கால் மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு பெண் வந்து, சார், ரவுட்டர்ல என்ன கலர் லைட் எரியுதுன்னு கேட்டாள். தெரியலைம்மா, அது பத்திரமான இடத்தில் இருக்கு என்றேன். நேரில் ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். அடுத்தது மாடி வீட்டு டீச்சர் மேல் சந்தேகம் வந்தது. அவர் நம் இன்டர்நெட்டை உறிஞ்சுகிறார் என்று முடிவுகட்டி, மூன்றே நாளில் பாஸ்வேர்டை நாலு தடவை மாற்றினேன். நாலாவது பாஸ்வேர்டு எனக்கே மறந்துவிட்டது. படிக்கட்டில் அவர் குட்மார்னிங் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு தெரிந்தது, அவர் வீட்டில் நம்முடையதைவிட வேகமான கனெக்ஷன் மூன்று வருஷமாக இருக்கிறதாம். இப்போது நான் குட்மார்னிங் சொல்கிறேன், அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

பத்திரமான இடம் எது என்று நீ கேட்பாய். திட்டாதே, முழுக்கப் படி. நம் வீட்டில் அழைப்புமணிக்குப் பதில் பல்புதான் என்பது உனக்குத் தெரியும், வாசலில் யாராவது பொத்தானை அமுக்கினால் ஹாலில் விளக்கு மினுக்கும், உன் அம்மா போய்க் கதவைத் திறப்பாள். இந்த ரவுட்டருக்கு ஐந்து விளக்கு, ஐந்தும் ஓயாமல் மினுக்குகின்றன. முதல் நாள் மட்டும் அவள் பதினேழு தடவை கதவைத் திறந்து வாசலைப் பார்த்துவிட்டு வந்தாள். அந்த முட்டியை வைத்துக்கொண்டு. கண்ணில் படாத இடமாக வைத்தால் தீர்ந்தது என்று நான்தான் அதைத் தூக்கிப் படுக்கையறை இரும்பு பீரோவுக்குள், கம்பளிப் போர்வைகளுக்கு அடியில் வைத்து, கதவிடுக்கு வழியாக ஒயரை விட்டுச் சாத்தினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் மறைக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை இன்டர்நெட்காரர் நேரில் வந்தார். முதுகில் பை, கையில் ஒரு மீட்டர், முகத்தில் அவசரம். டிவியைப் பார்த்தார், கறுப்புப் பெட்டியைப் பார்த்தார், ஒயரைப் பிடித்துக்கொண்டே நடந்து பீரோ முன்னால் போய் நின்றார். உன் அம்மா சாவியைக் கொண்டுவந்து திறந்துவிட்டாள். மனிதர் போர்வைகளை ஒவ்வொன்றாக விலக்கி, அடுப்பு மாதிரி கொதித்துக்கொண்டிருந்த ரவுட்டரை வெளியே எடுத்துவிட்டு, சார் என்ன வேலை பார்த்தீங்கன்னு கேட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், முப்பத்தெட்டு வருஷம் லிப்ட் மெக்கானிக் என்று பெருமையாகச் சொன்னேன். அப்போ இரும்புக் கதவைச் சாத்துனா உள்ளே போன் எடுக்காதுன்னு உங்களுக்கு நான் சொல்லித்தரணுமா சார் என்றார். எத்தனை லிப்டுக்குள் நின்று சிக்னல் இல்லை என்று கத்தியிருக்கிறேன், அந்த நேரம் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. அவர் கதவைச் சாத்தியதும் திறந்ததும் போன் காதருகே போனதும் பார்த்தே உன் அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது, தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் ரவுட்டரை ஹால் அலமாரி மேல் வைத்தார், அங்கிருந்து கறுப்புப் பெட்டிக்கு நேராக ஒரு ஒயர் இழுத்தார், ஐந்து விளக்கின் மேலும் கறுப்பு டேப்பை ஒட்டினார். பத்து நிமிஷ வேலை. நான் மூன்று வாரம் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் படம் தண்ணீர் போல ஓடியது. செய்தி வாசிக்கிறவரின் வாய் ஒழுங்காகத் திறந்து ஒழுங்காக மூடியது, கீழே எழுத்து நிற்காமல் ஓடியது. ஆனால் மூலையில் உன் இடது கை மட்டும் மேலே வரும்போது நெஞ்சருகே வந்து நின்று நின்று இறங்கியது. பத்து நிமிஷ வேலையின் லட்சணம் இதுதான் என்று சொல்லிக்கொண்டே இன்டர்நெட்காரருக்குப் போன் செய்ய எழுந்தேன். உன் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். நெட் நல்லாத்தான் இருக்கு, அவ கைதான் நிக்குது என்றாள். மழை என்று சொல்ல இரண்டு கையும் தலைக்கு மேல் போய் இறங்க வேண்டுமாம், நீ மூன்று வாரமாக ஒரு கையால்தான் மழை பெய்யவைக்கிறாயாம். வலது கையை நீட்டி முழக்கி இடது கையை மறைக்கிறாயாம், ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் உன் வாய் ஓரம் இறுகுகிறதாம். விட்டுவிட்டு வந்த அந்த ஆறு ஆறு நிமிஷத்திலேயே அவள் இதையெல்லாம் பார்த்திருக்கிறாள். சரியாகத் தெரியட்டும், அப்புறம் சொல்லலாம் என்றுதான் டிவியைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். காது கேட்கிற நான் போனில் உன் சிரிப்பைக் கேட்டுவிட்டு, பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று காலை நீட்டிப் படுத்துத் தூங்கினேன்.

ஆக, உடைந்தது கேமரா இல்லை. என்ன ஆச்சு, விழுந்தாயா, யாராவது இடித்தார்களா, எலும்பா நரம்பா, எந்த டாக்டரிடம் காட்டினாய், ஒன்றும் தெரியாமல் இங்கே இரண்டு பேர் செய்திக்கு முன்னால் உட்கார்ந்து உன் தோளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அம்மா பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்றுதானே ஒளிந்தாய்? ஒளிந்த இடம் பிரமாதம், டிவியில் போய் ஒளிந்திருக்கிறாய். வேலை போய்விடும் என்று பயந்து வலியோடு நிற்கிறாய் என்று நினைக்கிறேன். உன் அப்பன் சொல்கிறேன், கோளாறு என்று தெரிந்த லிப்டை நான் ஒரு நாளும் ஓட்டவிட்டதில்லை, முதலாளி கத்தினாலும் போர்டை மாட்டிவிட்டுத்தான் கருவியைக் கையில் எடுப்பேன். நீயும் லீவு போடு. நாலு மணிக்கு வேறு யாராவது வந்து நிற்கட்டும், நாங்கள் அவர்களையும் பார்த்துக்கொள்கிறோம். எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு, வேடிக்கையாக எழுதிப் பார்த்தேன், போகவில்லை.

நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். தோளை அமுக்கிவிடுகிறேன் என்று வருகிற யாரிடமும் கையைக் கொடுக்காதே, ஒழுங்கான டாக்டரிடம் போ, அவர் எழுதியதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உன் அம்மா டிவி முன்னால் இல்லை, போன் முன்னால் உட்கார்ந்திருப்பாள், கேமராவைப் போடு. திட்டமாட்டாளாம். ஒரு கையால் பேசினாலே அவளுக்குப் புரியுமாம்.

அன்புடன்,
உன் அப்பா