வீட்டில் நான் மூத்தவள், பாஸ்போட்டில் தங்கை

ஒக்டோபர் 11, சனி

காலை மூடுபனி. ஸ்பிரிங்வெளி பஸ் அரை மணி தாமதம். குடை அலுவலகத்தில்.

தேயிலைத் தோட்ட வாசிகசாலையில் ஆங்கில வகுப்பு, ஐந்தாவது வாரம். பதினான்கு பேர். பெரும்பாலோர் சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டாம் முறை தோற்றுபவர்கள். பாடம்: பெயரடைகள், ஒப்பீடு. டோல், டோலர், டோலெஸ்ட்: உயரம், அதைவிட உயரம், எல்லாவற்றிலும் உயரம்.

சட்டத்தரணியின் பழக்கம் வகுப்பிலும் விடவில்லை. விதி ஒன்று வகுத்தேன்: சான்று இல்லாமல் ஒப்பிடக் கூடாது. உயரம் என்றால் இருவரும் முதுகோடு முதுகு நிற்க வேண்டும். கனம் என்றால் தூக்கிப் பார்க்க வேண்டும். வாங்குப் பலகைகளை ஓரமாக இழுத்துவிட்டு ஒரே கூச்சல்.

ரமேஷ் எழுதியது: தோட்டத் துரை வீட்டு நாய் என் அப்பாவைவிடக் கொழுத்தது. சான்று எங்கே என்றேன்.

"லயம் பூரா சாட்சி சேர். நாயக் கூப்புடவா, அப்பாவக் கூப்புடவா?"

முழுப் புள்ளி.

நிரோஷா, வயது பதினேழு, வாய்த் துடுக்கு, கையெழுத்து நேர்த்தி. அவள் எழுதிய இரு வாக்கியங்கள்: வீட்டில் நான் தங்கை செல்வராணியைவிட மூத்தவள். பாஸ்போட்டில் செல்வராணி என்னைவிட மூத்தவள். ஆங்கிலத்தில் பிழை எதுவுமில்லை. இருந்தும் இரண்டாவதைச் சிவப்பு மையால் வெட்டி, இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்க முடியாது என்று ஓரத்தில் எழுதினேன். ஒரு புள்ளி குறைப்பு.

"உண்மைய எழுதுனா வெட்டுறீங்களே சேர்!"

"சான்று கொண்டு வாம்மா, பாப்போம்."

"கொண்டாறேன். நாளைக்கே கொண்டாறேன்."

வாங்க வேண்டியவை: கரும்பலகைக்கு வெண்கட்டி, பிரஷர் மாத்திரை, குடை இன்னொன்று.

ஒக்டோபர் 12, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஒழுங்காக, நடந்த வரிசையில் எழுத முயல்கிறேன்.

ஒன்பது மணி வகுப்பு. நிரோஷா முதலாவதாக வந்திருந்தாள். பொலித்தீன் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து என் மேசையில் அடுத்தடுத்து வைத்தாள்.

"செல்வராணிக்கு ரெண்டு பொறப்பு இருக்கு சேர். இது உண்ம. இது பாஸ்போட்டுக்கு."

முதலாவது, பிறப்புச் சான்றிதழ். அதன்படி செல்வராணிக்கு இப்போது பதினாறு. இரண்டாவது, வயதைச் சத்தியம் செய்து உறுதிப்படுத்தும் சத்தியக்கடதாசியின் பிரதி. அதன்படி இருபத்திரண்டு. வீட்டுப் பணிக்கு வெளிநாடு செல்வதென்றால் இருபத்தொன்று நிரம்பியிருக்க வேண்டும். இதுவரை இது ஒரு குற்றம், யாரோ செய்தது.

பிறகு தாளின் அடியைப் பார்த்தேன். சமாதான நீதவான் என்ற என் முத்திரை. என் கையொப்பம். அதன் கீழே நான் எப்போதும் போடும் சிறு கோடு.

"இதுல இருக்கிறது ஒங்க பேருதானே சேர்? அப்ப பொய் எழுதுனது நானா, நீங்களா?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. ரமேஷ் மேசையில் தட்டினான். "சேருக்கு ஒரு புள்ளி கொறைங்க!"

நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். வெட்டியதை அடித்துவிட்டுப் புள்ளியைத் திருப்பிக் கொடுத்தேன். இரு தாள்களையும் கைபேசியில் படம் எடுத்தேன். பிறகு ஒரு மணி நேரம் பாடம் நடத்தியிருக்கிறேன். என்ன நடத்தினேன் என்று தெரியவில்லை.

போகும்போது கேட்டேன். "தங்கச்சி எப்ப போறா?"

"வெள்ளிக்கெழம பிளைட்டு. குவைத்து. தீவாளிக்கு மொத போயிறணுமாம்."

ஒக்டோபர் 13, திங்கள்

நீதிமன்றத்தில் இரு வழக்குகளுக்குத் தவணை கேட்டேன். காரணம்: உடல்நலம்.

என் அலுவலக இலிகிதர் கோப்பை எடுத்துத் தந்தார். மூலப் பிரதி, பெப்ரவரி மாதம். சத்தியம் செய்தவர் தாய் பாக்கியம், தோட்டத் தொழிலாளி. மகள் தோட்டத்து லய வீட்டில் பிறந்தாள், பிறப்பு பதியப்படவில்லை, வயது இருபத்திரண்டு. வாசித்துக் காட்டி, விளக்கி, விளங்கிக்கொண்டதாகத் தோன்றியதால் என் முன்னிலையில் கையொப்பம். நடைமுறையில் ஒரு குறையும் இல்லை. மூன்று முறை வாசித்தேன். ஒரு குறையும் இல்லை!

அன்று செல்வராணியும் வந்திருந்தாள். உள்ளே அழைக்கவில்லை, சட்டப்படி அழைக்க வேண்டியதும் இல்லை. வெளி வாங்கில் இருந்தாள். கால்களில் வெள்ளைப் பாடசாலைச் சப்பாத்து. கதவு வழியாகப் பார்த்தேன். அப்போது நினைத்ததும் அப்படியே நினைவிருக்கிறது: தோட்டத்துப் பிள்ளைகள் சிறுத்துத்தான் இருப்பார்கள்.

என் அம்மா கொழுந்து எடுத்துத்தான் என்னைச் சட்டக் கல்லூரிக்கு அனுப்பினாள். நான் நினைத்தேன் இதை. நான்.

மாலை இடி, மழை. சாப்பிடவில்லை. மனைவி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றேன்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

நான்கு மணிக்கு லயத்துக்குப் போனேன். பாக்கியம் அப்போதுதான் மலையிலிருந்து வந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்து உதறிக்கொண்டிருந்தார். கணவர் உள்ளே கட்டிலில். ஒரு பக்கம் கை கால் விளங்காது. என்னைக் கண்டதும் நிரோஷா கதிரையைத் துடைத்துப் போட்டாள்.

செல்வராணி. முதன்முறையாக முகத்தைப் பார்த்தேன். அக்காவின் தோளுக்குக் கீழே நிற்கிறாள். பிறந்த திகதி கேட்டேன். பொய்த் திகதியை நிறுத்தாமல், ஒரே மூச்சில் சொன்னாள்.

"அப்புடி ஓடாத," என்றாள் நிரோஷா. "ஏர்போட்ல கேட்டா யோசிச்சு சொல்ற மாதிரி சொல்லு."

பாக்கியத்திடம் பேசினேன். "அன்னைக்கு வயச வாசிச்சுக் காட்டி சரியான்னு கேட்டேனேம்மா. ஆமான்னீங்களே."

"ஆமாங்க. குவைத்துக்கு அனுப்புற ஏஜன்ட்டு அப்புடித்தான் சொல்லச் சொன்னாரு. அந்தச் சேருக்கு எல்லாந் தெரியும், தெரிஞ்சுதான் செய்றாருன்னாரு. ஏன், ஒங்களுக்குத் தெரியாதுங்களா?"

ஏளனம் இல்லை. உண்மையாகவே கேட்டார். இந்த லயத்தில் யாரும் நான் ஏமாந்ததாக நினைக்கவில்லை. வயதைக் கூட்டித் தருவதும் என் தொழில் என்றே நினைத்திருக்கிறார்கள். அதற்காக மரியாதையும் வைத்திருக்கிறார்கள்.

அனுப்ப வேண்டாம் என்றேன். சட்டத்தைச் சொன்னேன். அங்கே நடக்கக் கூடியதையும் சொன்னேன்.

"இங்க இருந்தா மட்டும் என்னாங்க? பள்ளிக்கூடத்த விட்டுட்டா. அடுத்த வருசம் கூடையத் தூக்குவா. அதுக்கு வயசு எவனுங் கேக்க மாட்டான்."

கதிரையிலிருந்து எழுந்தேன்.

புறப்படும்போது செல்வராணி படி வரை வந்தாள். "அக்காவுக்கு மட்டுந்தானா கிளாசு? எனக்கும் ரெண்டு வார்த்த சொல்லித் தாங்க சேர். வயித்து வலின்னா இங்கிலீசுல என்னா?"

சொல்லிக் கொடுத்தேன். இரண்டு முறை திருப்பிச் சொன்னாள்.

ஒக்டோபர் 15, புதன்

விடாத மழை. நீதிமன்றம் போகவில்லை.

தெரிவித்தால்: பாக்கியம் மீது பொய்ச் சத்தியம் செய்த குற்றம். என் மீது விசாரணை. முப்பது வருடப் பெயர். பாக்கியம் குடும்பத்தின் ஒரே நம்பிக்கை போகும்.
தெரிவிக்காவிட்டால்: பதினாறு வயதுப் பிள்ளை, அந்நிய வீடு, கடவுச்சீட்டு எசமானியின் அலுமாரியில்.

மதியம் வரை எதுவும் செய்யவில்லை. எச்சரிக்கை என்று பெயர் வைத்துக்கொண்டேன். வெறும் பயம்.

இரண்டு மணிக்கு, அதே ஏஜன்ட் அனுப்பிய வேறு கோப்புகள் உண்டா என்று இலிகிதரிடம் கேட்டேன். யோசிக்காமல் மூன்றை எடுத்து வைத்தார். எல்லாம் பெண்கள். எல்லோருக்கும் வயது இருபத்திரண்டு. எல்லோரும் லயத்தில் பிறந்தவர்கள், பதியப்படாதவர்கள். மூன்று பேருக்கும் என் சிறு கோடு.

"ரெண்டு பேர் அப்பவே போயிட்டாங்க சேர்," என்றார்.

கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன். திரும்ப வந்து தட்டச்சு செய்யத் தொடங்கினேன். நானே. இலிகிதரிடம் கொடுக்கவில்லை.

ஒக்டோபர் 16, வியாழன்

என் சத்தியக்கடதாசி. பதினொரு பந்தி. அறிந்தது, அறியத் தவறியது, வாங்கில் இருந்த பிள்ளை, நான்கு பெயர்கள். பாக்கியம் தவறாக வழிநடத்தப்பட்டார் என்ற பந்தியை நான்கு முறை திருத்தினேன்.

அத்தாட்சிப்படுத்த வேறொரு சமாதான நீதவான் வேண்டும். கடைவீதி இரும்புக் கடை ஹாஜியாரிடம் போனேன். ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சேர், நீங்களே சத்தியக்கடதாசியோட வாரீங்க? ஊருக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுக் குடுக்கிறவர்!"

வாசிக்கச் சொன்னேன். மூக்குக் கண்ணாடியை மாட்டினார். மூன்றாம் பந்தியில் சிரிப்பு நின்றது. கடைசிப் பக்கம் வரை வாசித்தார். நான் வாசிப்பதைவிட மெதுவாக.

"இத வெச்சா ஒங்களுக்குத்தானே சேர் பிரச்சின. நல்லா யோசிச்சீங்களா?"

"நேத்து பூரா யோசிச்சேன். அதுதான் பிழை."

முத்திரை குத்தினார். வாடிக்கையாளர் ஒருவர் ஆணிக்காகக் காத்து நின்றார்.

மின்னஞ்சல்: குடிவரவுத் திணைக்களம், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், சிறுவர் அதிகார சபை. பொலிஸ் நிலையத்தில் நேரில். விமான நிலையத்துக்குத் தொலைபேசி, ஆறு முறை. ஆறாவது முறை ஒரு பெண் அதிகாரி பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

மாலை நிரோஷாவின் அழைப்பு. ஏஜன்டின் வேன் மதியமே வந்து தங்கையை ஏற்றிப் போய்விட்டதாம். "அழவேயில்ல சேர் அவ. நாந்தான் அழுதேன்."

ஒக்டோபர் 17, வெள்ளி

வெயில். காலையிலிருந்து கைபேசி மேசை நடுவில்.

11.10. தெரியாத எண்.

"சேர், செல்வராணி பேசுறேன். என்னைய நிப்பாட்டிட்டாங்க. ஒரு மிஸ் பக்கத்துல ஒக்காந்திருக்காங்க. அவங்க போன்தான் இது, நம்பர் அக்கா எழுதிக் குடுத்தது. அந்த ஏஜன்ட்ட காணல." மூச்சு வாங்கினாள். "இவங்களுக்கு யாரு சேர் சொல்லிக் குடுத்தது?"

"நான்தாம்மா."

பின்னணியில் அறிவிப்பு ஒன்று முழுவதுமாக முடிந்தது.

"அம்மாவப் புடிப்பாங்களா?"

"பயப்படாத. கோட்டுல அம்மாவுக்கு நானே பேசுவேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் உறைத்தது. அந்த வழக்கில் முதல் சாட்சி நான். குற்றஞ்சாட்டப்பட்ட எதிரியாகவும் சேர்க்கப்படலாம். பாக்கியத்துக்காக நான் ஆஜராக முடியாது. எந்த நீதிமன்றமும் அனுமதிக்காது. முதலாம் வருட மாணவனுக்கும் தெரிந்த விடயம்.

அந்த எண்ணுக்கு மூன்று முறை எடுத்தேன். பதில் இல்லை.