கோப்பைகளை நனைத்த ஒயின்

மார்ச் 9

மழை. திராட்சைக் கொடிகளை வெட்டிவிடும் வேலை நின்றுவிட்டது. காப்பி வெறும் வெந்நீராக இருந்தது. ஜனவரியில் அப்பாவையும் என்னையும் சேர்த்துப் படுக்கவைத்த காய்ச்சல் போகும்போது என் மூக்கையும் கொண்டுபோய்விட்டது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? "இந்த வருஷம் எந்தப் பீப்பாய் ஒயின் நல்லதுன்னு தேர்ந்தெடுக்கப்போறது நெரீனாதான். என்னைவிட அவளுக்கு மூக்கு கூர்மை" என்று ஊர்ச் சதுக்கம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

மார்ச் 21

சமையலறையில் ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தேன். பூண்டு. வினிகர். எரிந்த தீக்குச்சி. ஒன்றுமில்லை. கடைசியில் அம்மாவின் சால்வை. அவள் போன பிறகு துவைக்காமலே வைத்திருந்தேன். அதுவும் வெறும் துணி.

ஏப்ரல் 4

பீப்பாய் தேர்வு. அப்பா ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்து நீட்டினார். "சொல்லு."

போன ஆண்டுகளின் ஞாபகத்திலிருந்து சொன்னேன். செர்ரி. ஈர மண். புகையிலை. இத்தனை புத்தகம் படித்தவளுக்குச் சொற்களுக்கா பஞ்சம்? சொற்கள் மட்டும்தான் மிச்சம்.

"அதேதான்" என்றார் அப்பா. எல்லாவற்றுக்கும் "அதேதான்." ஒவ்வொரு பீப்பாய்க்கும் என்னோடு சண்டை போடும் மனிதர்! என்னை அவ்வளவு நம்புகிறார். தலை நிமிர முடியவில்லை.

மே 17

பொலோஞ்ஞாவிலிருந்து ஒரு பேருந்து, ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். காலையில் வந்து, தேவாலயம் பார்த்து, எங்களிடம் ஒயின் சுவைத்து, மாலையில் திரும்புகிறவர்கள். ஓட்டுநர் துல்லியோ வாசலிலிருந்தே அப்பாவைப் பார்த்துக் கத்தினான்: "ஒரெஸ்தே மாமா, தாராளமா ஊத்துங்க! வர்ற வழி பூரா பாட்டு. போறப்பவாவது தூங்கட்டும்!"

அப்பா புட்டியைத் திறந்தார். தக்கையை முகர்ந்தார். தலையாட்டினார். நான் வழக்கம்போலக் கோப்பைகளை நனைத்தேன்: முதல் கோப்பையில் கொஞ்சம் ஊற்றிச் சுழற்றி, அதையே அடுத்ததில், அதிலிருந்து அடுத்ததில். சோப்பு வாடையும் அலமாரி வாடையும் போக வேண்டும் என்று எங்கள் வீட்டில் எப்போதும் செய்வது. அப்புறம் மற்றப் புட்டிகள். எல்லோரும் பிரமாதம் என்றார்கள். ரொட்டியும் ஆட்டுப்பால் சீஸும் தீர்ந்துபோயின.

எல்லோரும் பேருந்துக்குப் போன பிறகு ஒரு அம்மாள் மட்டும் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்தி, "கோவிச்சுக்காதே கண்ணு. நனைஞ்ச அட்டைப்பெட்டி நாத்தம் அடிக்குது. என் கோப்பைல மட்டுமில்ல, எல்லாத்துலயும். எங்க ஆளுங்க மரியாதைக்காகக் குடிச்சுட்டாங்க."

தக்கை கெட்டு, ஒயினில் நாற்றம் ஏறிய புட்டி. அதை வைத்துத்தான் அத்தனை கோப்பைகளையும் நனைத்திருக்கிறேன்.

ஆனால் அப்பா முகர்ந்தாரே. முகர்ந்துவிட்டுத் தலையாட்டினாரே —

மே 18

அவருக்கும் இல்லை.

மே 20

உறுதி செய்துகொள்ளாமல் இருந்திருக்கலாம். அதே புட்டியில் மிஞ்சியதை மதியச் சாப்பாட்டில் அவருக்கு ஊற்றினேன். சுழற்றினார், கண்ணை மூடிக்கொண்டார். "நம்ம மேட்டுத் தோட்டத்து வாசனை. இல்ல?"

"ஆமாப்பா."

ஏன் ஆமாம் என்றேன்? ஏப்ரலில் நாங்கள் தேர்ந்தெடுத்த பீப்பாய்களில் என்ன இருக்கிறது? யாருக்குத் தெரியும்?

ஜூன் 12

தெரிந்துவிட்டது. பெரிய பீப்பாய் புளித்துக் காடியாகிவிட்டது. நாக்கே சொல்லும் அளவுக்கு. மூக்குள்ள எவனும் ஏப்ரலிலேயே பிடித்திருப்பான்.

"செர்ரின்னு சொன்னியேடி!"

"நீங்க அதேதான்னீங்களே!"

அப்பா கவிழ்த்து வைத்திருந்த கூடை மேல் உட்கார்ந்தார். "உனக்கும் அந்தக் காய்ச்சல்லயா?" என்றார்.

"ம்."

"உன் மூக்கு இருக்கேன்னுதான் நான் தைரியமா இருந்தேன் நெரீனா."

நானும் அப்படித்தானே.

ஜூன் 13

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 3

இன்று வந்த குழுவின் முன்னாலேயே அப்பா துல்லியோவைக் கூப்பிட்டு முதல் புட்டியை நீட்டினார். "மோந்து பாரு."

"நானா? எனக்கு ஆரஞ்சு சோடாதான் மாமா தெரியும்!"

"நாறுதா இல்லையான்னு மட்டும் சொல்லு. எனக்கும் இவளுக்கும் மூக்கு செத்துப்போச்சு."

வந்தவர்கள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். துல்லியோ சிரிக்கவில்லை. முகர்ந்து, "நாறல மாமா" என்றான் மெதுவாக. அதன் பிறகே கோப்பைகளை நனைத்தேன்.

செப்டம்பர் 26

அறுவடை. இந்த ஆண்டு நாங்கள் ஒயின் போடவில்லை. திராட்சை முழுவதும் கூட்டுறவுச் சங்கத்தின் லாரியில் ஏறியது. கழுவிக் கவிழ்த்த பீப்பாய்கள் அப்படியே கிடக்கின்றன. மூக்கைப் பற்றி மருத்துவர் "வரலாம், வராமலும் போகலாம்" என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை.

லாரி போகுமுன் அப்பா ஒரு பழத்தை விரலால் நசுக்கி, பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோனார். பாதியில் கை நின்றது. பிறகு வாயில் போட்டுக்கொண்டார். எனக்கும் ஒன்று கொடுத்தார்.

"சொல்லு" என்றார்.

"இனிப்பா இருக்குப்பா."

"ஆமா" என்றார். "இனிப்பு."